இறால் ஒவ்வாமையும் தினசரி மாத்திரையும்

கேள்வி: என் 11 வயது மகன் இறால் தொக்கு சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உடலெல்லாம் தடித்து, வாந்தி எடுத்தான், குரலும் கம்மியது. அன்றிலிருந்து தினமும் செட்டிரிசின் கொடுக்கிறேன். ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளின் அளவு அதிகமாம். ஒவ்வாமை சிக்னலையே தடுக்கும் ஊசி இருப்பதாக இணையத்தில் படித்தேன். போடலாமா? அதனால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா?

பதில்: முதலில் அந்தத் தினசரி மாத்திரையை நிறுத்துங்கள். அடுத்த முறை இறால் வயிற்றுக்குள் போனால் அது அவனைக் காப்பாற்றாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது, குரல் கம்மியது என்பதுதான். வெறும் தடிப்பு என்றால் செட்டிரிசின் போதும். தடிப்போடு குரல் மாற்றம், மூச்சிரைப்பு, விடாத இருமல், தொடர் வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமைத் தாக்கம். உயிரைக் காப்பது தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போடும் அட்ரினலின் ஊசி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை வேலை செய்யவே பல மணி நேரமாகும். அதை நம்பி வீட்டில் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். பையனைப் படுக்க வையுங்கள், மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். தணிந்த பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். மறுபடி தாக்குவது உண்டு.

அவன் உடலில் இறால் புரதத்துக்கென உருவான ஐஜிஇ எதிர்ப்பொருள், மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களின் மேல் ஒட்டியிருக்கிறது. இறால் புரதம் வந்து இரண்டு ஐஜிஇ-களை ஒன்றாகப் பிணைத்ததும் செல்லுக்குள் சிக்னல் பாய்கிறது. நிமிடங்களில் ஹிஸ்டமின், லூகோட்ரையீன் என்று ஒவ்வாமையை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் பலவும் வெளியே கொட்டுகின்றன. செட்டிரிசின் தடுப்பது ஹிஸ்டமினை மட்டுமே. சுருங்கும் மூச்சுக்குழாயையும் விழும் ரத்த அழுத்தத்தையும் அதனால் மீட்க முடியாது.

நீங்கள் படித்த ஊசி ஒமலிசுமாப் ஆக இருக்க வேண்டும். ஐஜிஇ மாஸ்ட் செல்லில் ஒட்டுவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடுகிறது. அமெரிக்காவில் 2003-ல் ஆஸ்துமாவுக்கும், 2024-ல் உணவு ஒவ்வாமைக்கும் அனுமதி கிடைத்தது. எதிர்ப்புச் சக்தியை அது அழித்துவிடாது. ஆனால் இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விலையும் அதிகம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வரும் தாக்கத்தைக் குறைக்கும். தாக்கம் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை. இறாலைத் தவிர்க்க முடிகிற பிள்ளைக்கு இப்போது அது வேண்டாம் என்பேன்.

மொத்த ஐஜிஇ எண்ணை மறந்துவிடுங்கள். குடலில் புழு இருந்தாலும் அது ஏறும்.

ஒவ்வாமை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, எடைக்கேற்ற அளவில் அட்ரினலினை வீட்டிலும் பள்ளியிலும் வைத்துக்கொள்ள வழி கேளுங்கள். நண்டு, சென்னாக்கூனி, இறால் பொரித்த எண்ணெய் எதுவும் கூடாது. சமைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. மீனின் புரதம் வேறு. இதுவரை மீன் ஒத்துக்கொண்டிருந்தால் தாராளமாகக் கொடுங்கள்.