மலேரியா கிருமியின் முருக்குத்தடி: கேள்வி பதில்

பாளையங்கோட்டை மாணவி: அண்ணாச்சி, மலேரியா கிருமி சிவப்பணுவுக்குள் எதைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது?

நல்ல கேள்வி தாயி. நம்ம பக்கத்துப் பனையேறியை நினைத்துக்கொள்ளுங்கள். பனையில் முதல் அடி வைக்க இடம் இருக்காது. முருக்குத்தடியைத் தானே கொண்டுவந்து சாத்தி, அதில் கால் வைத்துத்தான் ஏறுவார். ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியா கிருமியும் அப்படித்தான். ஆர்ஓஎன்2 என்ற தன் சொந்தப் புரதத்தைச் சிவப்பணுவின் சவ்வில் இறக்கிவிட்டு, தன் மேலிருக்கும் ஏஎம்ஏ1 புரதத்தால் அதையே பற்றிக்கொள்கிறது.

ஏஎம்ஏ1 புரதத்தின் மேல் தண்ணீரை ஒதுக்கும் நீளமான பள்ளம் ஒன்று உண்டு. அதில் ஒரு பகுதியை நெகிழ்வான வளையம் மூடிக்கிடக்கும். ஆர்ஓஎன்2 கொக்கி போல வளைந்து வரும்போது வளையம் விலகி வழிவிடும். கொக்கியிலுள்ள ஆர்ஜினைன் என்ற ஓர் அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்று) பள்ளத்தின் குழிக்குள் கச்சிதமாக உட்காரும். அந்த ஓர் அமினோ அமிலத்தை மாற்றினாலே பிடி தளர்ந்துவிடுகிறது. இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான்.

தென்காசி வாசகர்: புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் நிரல் வந்தாச்சு. கணினியே வடிவத்தைச் சொல்லிவிடும், இனி ஆய்வகம் எதற்கு?

வள்ளியூர் வாசகர்: படம் கிடைத்தால் மருந்து கிடைத்துவிடுமா?

தென்காசி: கிடைக்கும். பள்ளத்தை அடைத்தால் போதுமே.

இதில் நான் வள்ளியூர் வாசகரின் கட்சி; படம் மட்டும் போதாது. ஏஎம்ஏ1 தடுப்பூசியை மாலி நாட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த முடிவு 2011இல் வந்தது. ஊசியில் இருந்த ரகத்தோடு ஒத்த கிருமியைத்தான் ஓரளவு தடுத்தது, மற்றவை தப்பிவிட்டன. பள்ளத்தைச் சுற்றியுள்ள கரை ரகத்துக்கு ரகம் மாறுவதுதான் காரணம். வடிவம் மட்டும் தெரிந்தால் போதாது தம்பி, எது மாறுகிறது என்பதும் தெரியவேண்டும்.

தென்காசி: அப்போ எதைத்தான் குறிவைப்பது?

கிருமியின் இன்னொரு புரதமான ஆர்எச்5ஐ. சிவப்பணுவின் மேலிருக்கும் பேசிஜின் என்ற புரதத்தை அது பிடிக்கிறது என்று 2011இல் கண்டார்கள், இரண்டும் சேர்ந்திருக்கும் வடிவம் 2014இல் வந்தது. ரகத்துக்கு ரகம் அது அதிகம் மாறுவதில்லை. என் நம்பிக்கை அதன்மேல்தான்.

மேலப்பாளையம் வாசகர்: இன்னொரு மலேரியா வகையான வைவாக்ஸுக்கும் இதே ஆர்எச்5 தானா?

இல்லை. வைவாக்ஸ் கிருமியிடம் ஆர்எச்5 கிடையாது. அது இளம் சிவப்பணுக்களில் டஃபி புரதத்தைப் பிடிக்கும்.

அம்பாசமுத்திரம் வாசகர்: நிலவேம்புக் கசாயம் இந்தப் பிடியைத் தடுக்குமா?

கசாயத்தை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடையநல்லூர் வாசகி: அம்மாவுக்கு யானைக்கால்...

அது புழுவால் வருவது அக்கா, என் துறை இல்லை. அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

களக்காடு வாசகர்: வைவாக்ஸ் என்றார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, பிரைமாகுயின் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. ரத்தத்தில் ஓய்ந்தாலும் ஈரலில் தூங்கும் கிருமி மாதக்கணக்கில் கழித்தும் எழுந்து வரும். மருத்துவர் எழுதிய 14 நாளும் போடுங்கள். சிறுநீர் கறுத்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அவரிடம் ஓடுங்கள்.