அமெரிக்காவில் ஓடாத வீட்டு டிவிடி: என்ன செய்யலாம்?

கேள்வி: குடும்ப விழா வீடியோக்களை டிவிடியில் எரித்து, அமெரிக்காவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். எங்கள் பிளேயரில் நன்றாக ஓடும் டிஸ்க், அங்கே போட்டால் ஓடவில்லை. மண்டலக் குறியீட்டை நீக்கினால் சரியாகுமா? எல்லா நாட்டிலும் ஓடும்படி ஒரே டிஸ்க் தயாரிக்க முடியுமா?

பதில்: மண்டலக் குறியீட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது, எந்தப் பகுதி நாடுகளில் ஓடலாம் என்று திரைப்பட நிறுவனங்கள் தாங்கள் விற்கும் டிஸ்குகளுக்குப் போடும் கட்டுப்பாடு. வீட்டில் எரிக்கும் டிஸ்கில் வழக்கமாக அது இருக்காது. முதலில் அக்காவைத் தம் கணினியில் விஎல்சி மென்பொருளில் அதே டிஸ்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஓடினால் டிஸ்கில் பழுதில்லை. தொலைக்காட்சி முறைதான் பெரும்பாலும் காரணம்.

உங்கள் டிஸ்க் பேல் என்ற தொலைக்காட்சி முறையில் இருக்கும்: நொடிக்கு 25 ஃப்ரேம் (தனிப் படம்), 720×576 அளவு. வட அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. என்ற முறை: நொடிக்கு 29.97 ஃப்ரேம், 720×480. மண்டலம் வேறு, முறை வேறு. ஜப்பானும் மேற்கு ஐரோப்பாவும் டிவிடி மண்டலத்தில் ஒன்றுதான், இரண்டுக்கும் எண் 2. ஆனால் ஜப்பான் என்.டி.எஸ்.சி., ஐரோப்பா பேல். செகாம் என்ற மூன்றாவது தொலைக்காட்சி முறை இருந்த நாடுகளுக்குத் தனி டிஸ்க் வேண்டாம், அங்கும் பேல் டிஸ்க்தான் புழங்கியது.

ஒரே டிஸ்க் போதும் என்றால் என்.டி.எஸ்.சி.யில் எரியுங்கள். பேல் நாடுகளில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை என்.டி.எஸ்.சி. டிஸ்கையும் ஓட்டும். வட அமெரிக்காவுக்கென்று செய்த பிளேயர்களில் பல பேல் டிஸ்கை ஏற்காது. இரண்டு முறைகளையும் ஒரே டிஸ்கில் கலந்து வைக்க முயல வேண்டாம், பிளேயர்கள் தடுமாறும்.

மாற்றும் வேலையில்தான் கவனம் வேண்டும். எரித்த பேல் டிஸ்கிலிருந்து மாற்றாதீர்கள், கேமராவின் மூலக் கோப்பிலிருந்து தொடங்குங்கள். செல்போன் வீடியோ பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேமில் பதிவாகிறது. அதை ஒருமுறை 25 ஆக்கி மறுபடி 29.97 ஆக்கினால் அசைவு இரண்டு முறை கெடும். நேரே என்.டி.எஸ்.சி.க்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய ஒன்றும் கெடாது.

பழைய டேப் கேமராவில் எடுத்த வீடியோ என்றால் நிலைமை வேறு. அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதிகளாக, வெவ்வேறு கணத்தில் பதிவாகியிருக்கும். அவற்றைப் பிரிக்காமல் 576 வரியை 480 ஆகச் சுருக்கினால் இரண்டு கணங்களும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். ஆடுபவரின் கையும் ஓடும் குழந்தையும் சீப்புப் பல் போலக் கிழிந்து தெரியும். வீட்டில் மாற்றிய டிஸ்குகள் அசிங்கமாக இருப்பதற்கு நான் கண்டவரை இதுவே முதல் காரணம். சரியான வரிசை இது: முதலில் பாதிகளைப் பிரித்து நொடிக்கு 50 முழுப் படங்களாக்குங்கள், பிறகு அளவைச் சுருக்குங்கள், அடுத்து 59.94 ஆக்குங்கள், கடைசியில் மறுபடி பாதிகளாக அடுக்குங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இவை எல்லாம் முடியும். அதில் 'என்.டி.எஸ்.சி. டிவிடி' என்ற ஆயத்த அமைப்பும் உண்டு. ஃப்ரேம் வேகம், அளவு, ஒலி வகை ஆகியவற்றை அதுவே வைத்துக்கொள்ளும். ஆனால் பாதிகளைப் பிரிக்கும் வேலையை அது தானாகச் செய்யாது, நீங்கள்தான் அந்த ஃபில்டரைச் சேர்க்க வேண்டும்.

ஒலியை ஏசி3 வகையில், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். பேல் டிஸ்குகளில் சகஜமான எம்பெக் ஒலியை என்.டி.எஸ்.சி. பிளேயர் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படம் வந்து சத்தம் வராவிட்டால் இதைத்தான் முதலில் பாருங்கள். டிவிடியில் படத்துக்கு நொடிக்கு 9.8 மெகாபிட் வரை இடம் உண்டு என்றாலும், எரித்த டிஸ்கில் 7க்கு மேல் போகாதீர்கள், பழைய பிளேயர்கள் திணறும். எரித்து முடித்ததும் 'ஃபைனலைஸ்' செய்ய, அதாவது டிஸ்கை மூடி முடிக்க, மறக்க வேண்டாம். அதை விட்டால் எந்த முறையில் எரித்திருந்தாலும் மற்ற பிளேயர்கள் டிஸ்கைப் படிக்காமல் போகலாம்.

அக்காவின் டிவியில் யுஎஸ்பி துளை இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. எச்.264 எம்பி4 கோப்பாகப் பென் டிரைவில் போட்டு அனுப்புங்கள். முறைச் சிக்கல் பெரும்பாலும் அங்கே வராது. அங்கும் நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்ததை அப்படியே வையுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது; நீண்ட விழா வீடியோவை இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள்.