அலுவலகச் சொத்துகளைக் கண்காணிக்க பேட்டரி இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. டேக் போதுமா?

லேப்டாப், நாற்காலி, ஏசி, பட்டறை மெஷின் என்று நாலாயிரம் சொத்துகள் இருக்கின்றன, பாசிவ் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் (ரேடியோ அலையால் படிக்கும், பேட்டரி இல்லாத சிப் வைத்த ஒட்டு) ஒட்டினால் எது எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடியாது. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை ஆள் போட்டு வாரக்கணக்கில் இழுக்கும் சரிபார்ப்பைச் சில நாளில் முடித்துவிடலாம். அதற்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். கம்பெனிகளில் சொத்துகளுக்கு டேக் ஒட்டிச் சரிபார்ப்பதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் பாசிவ் டேக்தான். அதில் பேட்டரி கிடையாது. டோல்கேட்டில் தலைக்கு மேல் இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு கிடைத்தாலே அதற்குப் போதும். பிறகு அதே அலையை ஏற்ற இறக்கத்தோடு திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது. டோல்கேட்டைத் தாண்டிய பிறகு கார் எங்கே போனது என்று ஃபாஸ்டேக் சொல்லாது. உங்கள் லேப்டாப் டேக்கும் அப்படித்தான்: கடைசியாக எந்த ரீடர் எப்போது படித்தது என்பது மட்டும்தான் கணினியில் பதிவாகும். நொடிக்கு நொடி இடம் தெரிய வேண்டுமென்றால் பேட்டரி வைத்த புளூடூத் டேக், மாடியெங்கும் ரிசீவர் என்று போக வேண்டும். ஆஸ்பத்திரியில் அங்குமிங்கும் தள்ளிக்கொண்டு போகும் விலையுயர்ந்த கருவிகளுக்கு அந்தச் செலவு தகும். நாற்காலிக்குத் தகாது.

வாசலில் ரீடர் வைத்தால் எடுத்துப் போவதைப் பிடிக்கலாமே என்று அடுத்து கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் அதைக் காவலாக நம்பாதீர்கள். உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். டேக் இருக்கும் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவர் நடந்தால் ரீடர் படிக்காமல் விடுவது சகஜம்.

உலோகம் இன்னும் பெரிய தொல்லை. காகித லேபிள் டேக்கை ஸ்டீல் பீரோமேல் நேராக ஒட்டினால் அது கிட்டத்தட்ட செத்த மாதிரிதான்; மூடிய பீரோவுக்குள் இருக்கும் பொருளின் டேக்கும் வெளியே கேட்காது. உலோகத்துக்கென்றே அடியில் ஃபோம் அல்லது செராமிக் வைத்த தனி டேக்குகள் வருகின்றன. விலை சாதாரண லேபிளைப் போலப் பல மடங்கு. அலுமினிய உடல் லேப்டாப், சர்வர், மெஷின் எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். வாங்கும்போது அலைவரிசையைக் கட்டாயம் கேளுங்கள். இந்தியாவில் இதற்கு ஒதுக்கியது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 902 முதல் 928. சாதாரண லேபிள் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒத்துப்போகும். உலோக டேக் அப்படியில்லை, குறுகிய அலைவரிசைக்கென்று செய்திருப்பார்கள். அமெரிக்க வகையை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஐந்து மீட்டரில் படிக்க வேண்டியது ஒரு மீட்டரில் கூட தடுமாறும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு, படிக்கக் கூடாததைப் படிப்பது. கான்ஃபரன்ஸ் ரூமில் கைரீடரின் டிரிக்கரை அழுத்துகிறீர்கள். உள்ளே இருப்பது பன்னிரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு டிவி. திரையில் எண்ணிக்கை முப்பதைத் தாண்டுகிறது! ஜிப்சம் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருக்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவின் கம்ப்யூட்டர்களும் சேர்ந்து வந்துவிட்டன. அப்படியே சேமித்தால் அக்கவுண்ட்ஸ் மானிட்டர்கள் கான்ஃபரன்ஸ் ரூமுக்கு மாறிவிட்டதாக ரிப்போர்ட் சொல்லும். ரீடரின் பவரைக் குறைத்து, தடுப்புக்கு முதுகு காட்டி நின்று படித்தால் பெரும்பாலும் சரியாகும். எந்த அறைக்கு எந்த பவர் என்று முதல் சுற்றிலேயே குறித்து வைத்துவிட்டால், அடுத்த முறை புது ஆள் வந்தாலும் குழப்பம் இருக்காது.

இதெல்லாம் கருவி விஷயம், பழகிவிடும். உண்மையான வேலை உங்கள் அசெட் ரெஜிஸ்டரில், அதாவது சொத்துப் பதிவேட்டில்தான் இருக்கிறது. பெரும்பாலான ரெஜிஸ்டர்களில் 'கம்ப்யூட்டர் 25 எண்ணம்' என்று ஒரே வரி, ஒரே பில் தொகை இருக்கும். டேக் ஒட்ட 25 வரி வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி சீரியல் நம்பர், தனி இடம். அந்த 25-இல் நான்கை எப்போதோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருப்பார்கள், புத்தகத்தில் கழித்திருக்க மாட்டார்கள். ஸ்ப்ளிட் ஏசி ஒரு வரிதான், ஆனால் உள்ளே ஒன்று, மாடியில் ஒன்று; இரண்டுக்கும் டேக் ஒட்டி ஒரே சொத்தின் கீழ் இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் டேக் வாங்கினால், படித்த எண்ணைப் பொருத்திப் பார்க்க எதுவுமே இருக்காது. ஆடிட்டரும் இதைத்தான் கேட்கிறார். கம்பெனிகள் தணிக்கை அறிக்கைக்கான 2020 ஆணைப்படி, சொத்துகளின் எண்ணிக்கையும் இருக்கும் இடமும் பதிவேட்டில் முறையாக உள்ளனவா, நியாயமான இடைவெளியில் நேரில் சரிபார்க்கிறார்களா என்று அந்த ஆணை பொருந்தும் கம்பெனிகளில் அவர் எழுதியாக வேண்டும். நிறுவனங்கள் டேக் பக்கம் வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் அனுபவம்.

செலவு: காகித லேபிள் ஒன்று சில ரூபாய், கைரீடர் பல பத்தாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். முந்நூறு நானூறு பொருள்தான் என்றால் க்யூஆர் ஸ்டிக்கரும் செல்போனும் போதும், இதற்குள் வராதீர்கள். நாலாயிரத்துக்கு, அதுவும் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை எண்ணுவதாக இருந்தால், தகும்.

ஆர்டர் கொடுக்கும் முன், வெண்டரை உங்கள் சர்வர் ரூமுக்கும் பட்டறைக்கும் அழைத்துப் போய் அங்கே ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள மெஷினில் பசை நிற்காது, ரிவெட் அடிக்கும் டேக் கேளுங்கள். ஒவ்வொரு லேபிளிலும் கண்ணால் படிக்கும் எண்ணும் க்யூஆரும் அச்சாகியிருக்கட்டும், சிப் செத்தாலும் பொருள் அநாதையாகாது. சிப்பில் எழுதுவது வெண்டரின் எண்ணாக இல்லாமல் உங்கள் சொத்து எண்ணாகவே இருக்கட்டும். எழுதியதும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டச் சொல்லி, அந்த பாஸ்வேர்டை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் ஒட்டிய நாலாயிரத்தையும் பிய்க்க வேண்டியிருக்காது.