ஏ.ஐ. வந்த பிறகும் கட்டற்ற மென்பொருளுக்கும் விக்கிப்பீடியாவுக்கும் சும்மா உழைப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

கேள்வியில் வருகிற "சும்மா" என்ற சொல்லை முதலில் பார்த்துவிடுவோம்.

2008இல் திருகோணமலையில் என் வீட்டுக்கு ஓர் உபுண்டு இறுவட்டு தபாலில் வந்தது. இணையத்தில் முகவரியைக் கொடுத்தால் ஒரு சதமும் வாங்காமல் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது, 2011இல் நிறுத்திவிட்டார்கள். பொதியை எடுக்கப் போன இடத்தில் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன தம்பி, படமா?" என்றார் ஒருவர். கொம்பியூட்டரை ஓட்டுகிற மென்பொருள் ஐயா, காசில்லாமல் தருகிறார்கள் என்றேன். "ஏன் சும்மா தருகிறார்கள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகுதான் விளங்கியது. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளை உருவாக்குவதற்கான குனு திட்டத்தை 1983இல் அறிவித்தார். அந்தத் திட்டத்துக்காக 1989இல் வந்த ஜிபிஎல் என்ற உரிமம் சொன்னது இதுதான்: எடு, திருத்து, பிறருக்குக் கொடு, திருத்தியதைக் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமையோடு கொடு. விக்கிப்பீடியாவின் உரிமமும் ஏறக்குறைய அப்படியே. எடுத்த இடத்தைச் சொல், அதே உரிமத்தில் பகிர். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் இது கைமாற்று. வட்டி கிடையாது, ஆனால் திரும்பி வரவேண்டும்.

ஏ.ஐ. இந்தக் கைமாற்றைத்தான் குழப்பியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய செயலியைத் தமிழாக்கும்போது, 'டூல்டிப்' (சுட்டியைப் பொத்தான்மேல் வைத்தால் எட்டிப்பார்க்கும் சின்ன விளக்கம்) என்பதற்குக் "காதுக்குறிப்பு" என்று ஒரு சொல்லைக் கட்டினேன். ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஒரு மாதத்தில் எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. போன வருடம் ஏ.ஐ. அரட்டைச் செயலி ஒன்றிடம் இதே சொல்லுக்குத் தமிழ் கேட்டேன். "தமிழில் இதனைக் காதுக்குறிப்பு என அழைப்பர்" என்றது. அழைப்பவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்! என் பெயர் இல்லை, உரிமம் இல்லை, அது கைவிடப்பட்ட சொல் என்ற விவரமும் இல்லை. நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே மனக்குறைதான். நிரல் எழுதித் தரும் ஏ.ஐ. கருவியான கிட்ஹப் கோபைலட் தங்கள் நிரலை உரிம நிபந்தனை இல்லாமல் திருப்பித் தருகிறது என்று 2022 நவம்பரில் கலிபோர்னியாவில் வழக்கே போட்டார்கள்.

இருந்தாலும், எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. எடுக்கத்தானே வைத்தோம்.

நிலாவெளிப் பக்கம் கரையில் நின்று கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை சம்மாட்டி என்கிற முதலாளியுடையது, கயிறு பிடிப்பது பத்திருபது பேர், பிடித்தவர்களுக்கு மீனில் பங்கு. பொதுவளங்களை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் வாங்கிய எலினோர் ஒஸ்ட்ரொம், தென்னிலங்கையின் மாவெல்ல என்ற ஊரின் கரைவலையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அங்கே முறைவைத்து வலை போட்டார்கள். நல்ல இடமும் நல்ல நேரமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும். அப்புறம் வலைகள் பெருகிக்கொண்டே போயின. தடுக்கிற விதி தாளில் மட்டும் இருந்தது. ஒருவருக்கு முறை வருவதற்குள் பருவமே போய்விடும் என்ற நிலைமை. பொதுவில் இருப்பதெல்லாம் அழியத்தான் செய்யும் என்று அவர் சொல்லவில்லை. பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, அதைக் காக்கவும் முடிந்த இடங்களில் பொதுவளங்கள் நூற்றாண்டுக்கணக்கில் நிலைத்திருப்பதையும் காட்டினார்.

மென்பொருளில் மீன் குறையாது, கோடி தடவை நகலெடுத்தாலும். குறைவது கயிறு பிடிக்கிற கைதான்.

அதை நான் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கண்ணால் பார்த்தேன். எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் ஒரே இரவில் முந்நூற்றுச் சொச்சம் சரங்களை அனுப்பியிருந்தார் (சரம் என்றால் மெனுவிலும் பொத்தானிலும் வரும் சொற்கள்). நாங்கள் மூன்று பேர் ஒரு மாதம் செய்கிற வேலை. பார்க்க நல்ல சுத்தமான தமிழ். உள்ளே போனால், வலையமைப்பு அமைப்புகளில் 'போர்ட்' (கணினிக்குள் தரவு வந்துபோகிற எண்ணிட்ட வாசல்) வருகிற இடமெல்லாம் "துறைமுகம்". "துறைமுகம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று திருகோணமலைக்காரன் வாசித்தால் கப்பலைத்தான் நினைப்பான். அது சிரிப்போடு போகட்டும். சில சரங்களில் கோப்பின் பெயர் வந்து உட்காரவேண்டிய இடத்தைக் காட்டும் விழுக்காட்டுக் குறியையும் சேர்த்து மொழிபெயர்த்து வைத்திருந்தது. அந்தச் சரம் வரும்போது செயலி அப்படியே விழுந்துவிடும். அனுப்பியவருக்கு ஏ.ஐ.யோடு பத்து நிமிடம் போயிருக்கும். எங்களுக்கு இரண்டு வார இறுதிகள் போயின. கேள்வி கேட்டு எழுதினோம், பதில் இல்லை.

இது எங்கள் சின்னக் குழுவின் பாடு மட்டுமில்லை. இணையத்தில் தரவை எடுக்கவும் அனுப்பவும் உதவும் கர்ல் என்ற கட்டற்ற மென்பொருள் உலகத்தில் எத்தனையோ கருவிகளுக்குள் ஓடுகிறது. அதைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏ.ஐ. எழுதித் தந்த பொய்யான பாதுகாப்புக் குறை அறிக்கைகளால் அலுத்து, 2026 ஜனவரியோடு குறை கண்டுபிடிப்பவர்களுக்கான பணப் பரிசையே நிறுத்தினார். ஜென்டூ லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் குழு 2024இலேயே ஏ.ஐ. உதவியோடு செய்த பங்களிப்பு வேண்டாம் என்றுவிட்டது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025இல் சொன்ன கணக்கின்படி, அவர்களுடைய வழங்கிகளுக்கு (தளத்தை ஓட்டும் கணினிகளுக்கு) அதிகம் செலவு வைக்கும் இணையப் போக்குவரத்தில் 65 சதவீதம், பக்கங்களைத் தானாக அள்ளும் தானியங்கி நிரல்களுடையது. கிறீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவை மூடுவதென்றே முடிவானது. இயந்திரம் எழுதிய பிழைகளைப் பார்த்துத் திருத்த அந்த மொழி பேசுகிறவர்கள் அங்கே ஏறக்குறைய இல்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் நிறைய இல்லை.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. நானும் ஏ.ஐ. பயன்படுத்துகிறேன். கட்டளை மறந்துபோனால் முன்பு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி-பதில் தளத்தில் தேடுவேன், இப்போது தேடுவதில்லை. என்னைப் போல எல்லாரும் போனதால் அங்கே புதுக் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஒரு காலத்தில் அங்கே கேள்வி கேட்டுத் திட்டு வாங்கித்தான் பலரும் இந்த உலகத்துக்குள் வந்தார்கள். அந்தப் படிக்கட்டு தேய்வதுதான் எனக்குக் கவலை. அடுத்த வருடம் கயிறு பிடிக்க யார் வருவார்கள்?

மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். ஏ.ஐ.யிடம் தமிழிலேயே கேட்டுக் கேட்டு பைத்தான் என்ற நிரல்மொழி படித்தவள். ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சம், சொல்லித்தரப் பக்கத்தில் ஆளுமில்லை. அந்தக் கருவி இல்லாவிட்டால் அவள் வந்திருக்கமாட்டாள், இதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். முதல் வாரம் அனுப்பியது பன்னிரண்டு சரங்கள். ஏ.ஐ. வரைவுதான் என்று அவளே சொன்னாள். ஆனால் ஒவ்வொன்றையும் தன் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்து, பொத்தானுக்குள் அடங்காத இரண்டு சொற்களைச் சுருக்கியிருந்தாள்.

அந்த வாரமே குழுவில் இரண்டு விதி வைத்தோம். ஏ.ஐ. பயன்படுத்தினால் சொல்லவேண்டும். ஒரு தடவைக்கு இருபது சரங்களுக்கு மேல் அனுப்பக்கூடாது. முதலாவது விதியைக் காக்க எங்களிடம் வழி எதுவும் இல்லை. இரண்டாவதைக் காக்க முடிகிறது.

அப்புறம் அவள் கேட்டாள்: "அண்ணா, போர்ட்டுக்குத் 'துறை' என்று போடட்டா?" சரிதான் என்றேன். துறை என்றால் எங்கள் வீட்டில் வள்ளம் கட்டுகிற இடமல்லவா என்றாள். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று நாளாகிறது, இன்னும் முடிந்தபாடில்லை.