தராசில் ஏற்றிப் பார்த்த பிறகே முன்பணம்

செல்லப்பிராணிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: பாமரேனியன் குட்டி வாங்க விரும்புகிறோம். எங்கள் பகுதியில் உள்ள பிரீடர் ஒருவர், 40 நாள் ஆன பெண் குட்டி என்று ஒன்றைக் காட்டினார். இப்போது எடை 450 கிராம் என்றும், முழுதாக வளர்ந்தாலும் 2 கிலோவைத் தாண்டாத ‘டீகப்’ ரகம் என்றும் சொல்லி முன்பணம் கேட்கிறார். அவர் சொல்வது சரிதானா என்பதை நாங்களே எப்படிச் சோதித்துக்கொள்வது? (கோவை வாசகி ஒருவர்)

பதில்: முதலில் ‘டீகப்’ என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். அது விற்பனைக்காகப் பிறந்த சொல். அப்படி ஓர் இனத்தையோ ரகத்தையோ எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பு) ஏற்றுக்கொண்டதில்லை. பாமரேனியன் என்றாலே சிறிய நாய்தான். வளர்ந்த நாயின் எடை 1.4 முதல் 3.2 கிலோ வரை இருக்கலாம் என்பது அமெரிக்க கென்னல் கிளப்பின் வரையறை. ஆகவே 2 கிலோ என்பது அந்த இனத்துக்கு இயல்பான எடையே தவிர, கூடுதல் விலை கொடுக்க வேண்டிய அதிசயம் ஒன்றும் அன்று.

அடுத்தது, 450 கிராம் என்ற எண். வயது தெரியாத வரையில் இந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. சிறிய இனக் குட்டிகளுக்கு வளர்ப்பாளர்கள் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: 6 வார எடையை இரு மடங்காக்கி, அதை மறுபடியும் இரு மடங்காக்கி, முதல் எடையில் பாதியைச் சேர்த்தால் முழு வளர்ச்சி எடை ஏறக்குறைய வந்துவிடும். இன்னொரு கணக்கின்படி, 8 வாரத்தில் குட்டி தன் முழு எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கையும், மூன்றரை முதல் நான்கு மாதத்துக்குள் பாதியையும் எட்டியிருக்கும். இந்தக் கணக்குகளை உங்கள் குட்டிக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு உண்மையிலேயே 40 நாள்தான் ஆகிறது என்றால், அது ஏறத்தாழ 2 கிலோவில் நிற்கும். பிரீடர் சொன்னது சரியாகிவிடும். அதற்கு 30 நாள்தான் ஆகிறது என்றால், 6 வாரம் முடிவதற்குள் 600 கிராமைத் தொட்டு, பிற்பாடு இரண்டரை கிலோவைத் தாண்டிப் போகும். இரண்டு மாதம் ஆகிவிட்ட குட்டி 450 கிராம்தான் இருக்கிறது என்றால், ஒன்று அது இனத்தின் அடிமட்ட எடையிலேயே நின்றுவிடும், அல்லது அதற்கு வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது. ஒரே எடை, மூன்று வெவ்வேறு நாய்கள். அதனால்தான், வியாபாரத்தில் எடையைவிட வயதைப் பற்றியே அதிகமாகப் பொய் சொல்லப்படுகிறது.

வயதுக்குச் சாட்சி பற்கள். உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். மூன்று, நான்கு வாரத்தில்தான் கோரைப்பற்களின் முனை ஈறுக்கு வெளியே தலைகாட்டும். ஆறு வாரத்தில் முன்வரிசை வெட்டுப்பற்கள் எல்லாம் வந்திருக்கும். எட்டு வாரத்தை ஒட்டி 28 பால்பற்களும் நிறைந்திருக்கும். பொம்மை இனங்களில், அதாவது பாமரேனியன் போன்ற மிகச் சிறிய நாய் இனங்களில், பல் முளைப்பது ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ தாமதமாகலாம் என்பதால், பல்லை வைத்து நாளைக் குறிக்க முடியாது. ஆனால் 40 நாள் என்று சொல்லப்படும் குட்டியின் வாயில் வெறும் ஈறு மட்டும் இருந்தாலோ, பின்புறப் பற்கள் வரை நிறைந்திருந்தாலோ, அங்கே ஒரு கேள்வி எழ வேண்டும்.

சென்ற ஆண்டு என் மருத்துவமனைக்கு ஒரு குடும்பத்தார் பஞ்சுப் பொதி போன்ற ஆரஞ்சு நிறக் குட்டி ஒன்றை மடியில் ஏந்தி வந்தார்கள். விற்றவர் 42 நாள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். தராசில் 480 கிராம். வாயைத் திறந்தால் பால்பல் வரிசை முழுதாக இருந்தது, அதாவது வயது குறைந்தது இரண்டு மாதம். ரோமத்தை நீரில் நனைத்துக் கையால் ஒதுக்கியதும், அந்தப் பஞ்சுக்குள்ளிருந்து எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகளும், தேரையைப் போல உப்பிய வயிறும் வெளிப்பட்டன. நாடாப்புழு, உருண்டைப்புழு இரண்டும் இருந்தன. குடற்புழு நீக்கி, வேளைக்குச் சரியான உணவு கொடுத்த பிறகு அது வேகமாகத் தேறி, ஓராண்டு நிறைவில் 2.6 கிலோ வந்தது. ‘சின்னதாகவே இருக்கும்’ என்று விற்கப்பட்ட அந்தக் குட்டி, உண்மையில் பட்டினியால் சிறுத்துப் போயிருந்தது. பாமரேனியன் குட்டியைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் அடிக்கடி சொல்வதற்கு இதுவே காரணம். முதுகெலும்பின் மீதும் விலாவின் மீதும் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். எலும்பு தட்டுப்படலாம்; ஆனால் அதன் மேல் மெல்லிய சதைப் போர்வை இருக்க வேண்டும், சீப்பின் பற்களைப் போலக் கூர்மையாகக் குத்தக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது எடைக் குறிப்பு. பாமரேனியன் குட்டி பிறக்கும்போது பெரும்பாலும் 100 முதல் 150 கிராம் வரை இருக்கும். முதல் நாள் சற்றே இறங்கினாலும், பிறகு ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போய், பத்து நாள் வாக்கில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில், பிறந்த எடையின் இரு மடங்கைத் தொட வேண்டும். அக்கறையுள்ள பிரீடர் சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, தினமும் ஒரே நேரத்தில், உணவுக்கு முன் எடுத்த எடையை நோட்டில் எழுதி வைத்திருப்பார். அந்த நோட்டைக் கேளுங்கள். எண் பெரிதா சிறிதா என்பதை விட்டுவிட்டு, கோடு சீராக ஏறுகிறதா என்று பாருங்கள். இடையில் ஒரு வாரம் அப்படியே நின்றிருந்தால் காரணம் கேளுங்கள். நோட்டே இல்லை என்றால், ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை நேரில் போய், உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். முன்பணம் அதன் பிறகு இருக்கட்டும்.

கேள்வி: தாய் நாயைக் காட்டச் சொன்னால், ‘குட்டி போட்டதில் உடம்பு இளைத்திருக்கிறது, பிறகு பார்க்கலாம்’ என்கிறார்கள், வாட்ஸ்அப்பில் வீடியோ மட்டும் அனுப்புகிறார்கள். தாயைப் பார்ப்பது அவ்வளவு அவசியமா? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: அவசியம். குட்டி எவ்வளவு வளரும் என்பதற்குத் தாய் தந்தையின் உருவத்தைவிடச் சிறந்த குறிப்பு வேறொன்றும் இல்லை. பிறந்த எடைகூட அதற்கு ஈடாகாது. ஈற்றில் தனியாகப் பிறந்த குட்டி வயிற்றில் இடமும் ஊட்டமும் அதிகம் கிடைத்ததால் பெரிதாகப் பிறக்கும். நான்கில் ஒன்றாகப் பிறந்தது சிறிதாக இருக்கும். ஓராண்டில் இரண்டும் ஒரே அளவில் நிற்பதும் உண்டு. தந்தை வேறு ஊரில் இருக்கலாம், அதன் புகைப்படமும் எடையும் போதும். தாய் அங்கேதான் இருந்தாக வேண்டும், ஏனெனில் குட்டி பால் குடிக்கும் வயதில் இருக்கிறது. பாலூட்டும் நாய் இளைத்து, ரோமம் கொட்டி இருப்பது இயல்பு; அதை மறைக்க வேண்டிய தேவை இல்லை. தாயே இல்லை என்றால், குட்டி வேறெங்கோ பிறந்து, கைமாறி வந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் 80-களிலும் 90-களிலும் வீட்டு வாசலில் குரைத்துக்கொண்டிருந்த வெள்ளை நாய்களை நாம் எல்லோரும் பாமரேனியன் என்றே அழைத்தோம். அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அவற்றின் மூக்குப் பகுதி நீளம், காது பெரிது, எடை 5 கிலோவுக்குக் குறையாது, பெரிய வகை 12 கிலோவுக்கு மேலும் போகும். நம் வெயிலுக்குப் பழகிய, அருமையான நாய் அது. வளர்ப்பதில் தவறே இல்லை. ஆனால் ஆறு வாரக் குட்டியாக இருக்கையில் இரண்டும் வெள்ளைப் பஞ்சு உருண்டைகள்தாம். தாயைப் பார்த்தவர் ஏமாற மாட்டார்.

கேள்வி: மூன்று மாதத்தில் வாங்கிய எங்கள் ஷிட்ஸு குட்டிக்கு இப்போது ஐந்து மாதம், எடை 3.2 கிலோ. இரண்டரை கிலோவுக்கு மேல் போகாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். விற்றவரிடம் கேட்டால், ‘நீங்கள் அதிகம் போடுகிறீர்கள், ஒரு வேளையாகக் குறையுங்கள், வளர்ச்சி நின்றுவிடும்’ என்கிறார். செய்யலாமா? (மதுரை வாசகி ஒருவர்)

பதில்: செய்யவே கூடாது. உங்கள் குட்டியிடம் எந்தக் குறையும் இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட வாக்குத்தான் குறையுள்ளது. வளர்ந்த ஷிட்ஸு 4.5 முதல் 8 கிலோ வரை இருப்பதே இனத்தின் இயல்பு. உங்கள் குட்டி நல்ல பாதையில் போகிறது. பத்து மாதம், ஓராண்டு வரை இன்னும் கூடும்.

உணவைக் குறைத்தால் எலும்பின் அளவு மரபில் எழுதப்பட்டதிலிருந்து விரும்பியபடி சுருங்கிவிடாது. தசையும் எதிர்ப்பாற்றலும்தான் கரையும். அதோடு, பொம்மை இனக் குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று விழுந்துவிடும் ஆபத்து உண்டு. அவற்றின் சிறிய கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பு மிகக் குறைவு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே தள்ளாடி, தலை தொங்கி, வலிப்பு வரை போகக்கூடும். அப்படி ஏதும் நேர்ந்தால் ஈறில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள்; மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சிறிய இனக் குட்டிக்கு மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு, ஐந்து வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும் உணவு வேண்டும்.

வாங்குவதற்கு முன்பே இந்தப் பாடத்தைப் பயன்படுத்தலாம். ‘என்ன உணவு, எத்தனை வேளை?’ என்று பிரீடரிடம் கேளுங்கள். பாலில் கரைத்த கஞ்சி இரண்டு வேளை என்று பதில் வந்தால், அந்தக் குட்டி சிறியதாக இருப்பதற்குக் காரணம் இனம் அன்று என்று புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: சிவாவா குட்டியின் உச்சந்தலையில் மெத்தென்ற குழி இருக்கிறது. வாங்கலாமா? ஒரே ஈற்றில் மற்றவற்றைவிட மிகச் சிறியதாகவும் இருக்கிறது. (சென்னை வாசகர் ஒருவர்)

பதில்: சிவாவாவில் உச்சிக்குழி மூடாமல் இருப்பது அபூர்வம் அன்று, குழி சிறிதாகவும் குட்டி துறுதுறுப்பாகவும் இருந்தால் அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டியதில்லை. குழி அகன்று, தலை வழக்கத்துக்கு மீறிக் குமிழ் போல வீங்கி, இரு கண்களும் வெளிப்பக்கமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து, குட்டி ஒரே திசையில் சுற்றிக்கொண்டோ மந்தமாகவோ இருந்தால், மூளையில் நீர் கோத்திருக்கலாம். மருத்துவர் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஈற்றில் மிகச் சிறியது என்பதைத்தான் நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். சிறிதாக இருந்தாலும் தன் வேகத்தில் சீராக ஏறும் குட்டி வேறு; உடன்பிறந்தவை ஏற ஏற, தான் மட்டும் பின்தங்கிப் போகும் குட்டி வேறு. பின்னதற்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கலாம். அதை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டே பல நேரங்களில் சந்தேகிக்க முடியும். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் விலகி ஓடும் பிறவிக் கோளாறும் உண்டு. மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் இனங்களில் இதை அதிகம் பார்க்கிறோம். அத்தகைய குட்டி சாப்பிட்ட சிறிது நேரத்தில் மந்தமாகி, சுவரை வெறித்துப் பார்த்தபடி நிற்கும். எனவே குட்டியைப் பார்க்கப் போகும்போது உணவு வேளையை ஒட்டிப் போங்கள். முண்டியடித்துத் தட்டுக்கு வருகிறதா, தின்றபின் எப்படி இருக்கிறது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நடக்கையில் பின்னங்காலை இரண்டு அடிக்கு ஒரு முறை தூக்கித் தத்துகிறதா என்பதையும் பாருங்கள். முழங்கால் சில்லு விலகும் கோளாறு சின்ன நாய்களில் மிகவும் சகஜம்.

கேள்வி: கென்னல் கிளப் சான்றிதழ் இருந்தால் அளவுக்கு உத்தரவாதம் உண்டா? (சேலம் வாசகர் ஒருவர்)

பதில்: இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் சான்றிதழ், குட்டியின் வம்சாவளியைப் பதிவு செய்கிறது. எத்தனை கிலோ வளரும் என்று சொல்வதில்லை. ஆனால் வயதுத் தகராறைத் தீர்க்க அது உதவும், ஏனெனில் அதில் பிறந்த தேதி இருக்கும். தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்தத் தேதியைப் பிறந்த தேதியோடு ஒப்பிடுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ல் மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியையும், மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கப்படும் அடையாள எண் சில்லு) பொருத்தப்படாத குட்டியையும் விற்கக் கூடாது. கோவை வாசகிக்குக் காட்டப்பட்ட 40 நாள் குட்டியை இன்று கையில் கொடுப்பதே விதிமீறல். அவர் இன்னும் இரண்டரை வாரம் காத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை, அதற்குள் எடை எப்படி ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும். வாங்கும் நாளில் மருத்துவரிடம் சிப் எண்ணை ஸ்கேனரில் படித்துச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், மீதித் தொகையைக் கொடுக்காமல் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.