தோட்டத்தில் டைல்ஸ் தளம்: அடியில் கான்கிரீட்டா, ஜல்லியா?

வீட்டை ஒட்டிய தோட்டத்தில் உட்கார்ந்து பேச டைல்ஸ் தளம் ஒன்று அமைக்க வேண்டும், அடியில் கான்கிரீட் போடுவதா, ஜல்லி கெட்டித்து அதன்மேல் டைலை வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். டைல்ஸ் வாங்கிவிட்டீர்களா என்பதைச் சொல்லவில்லை. முடிவு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

வீட்டுக்குள் போடும் 8 முதல் 10 மி.மீ. டைலுக்குத் தனியாகப் பாரம் தாங்கும் வலு கிடையாது. அடிப்பக்கம் முழுவதும் கெட்டியான தளத்தோடு ஒட்டியிருந்தால்தான் நிற்கும். அதை ஜல்லி மேல் வைத்தால் நாற்காலிக் கால் அழுத்துகிற இடத்திலேயே விரிசல் விழும். எனவே மெல்லிய டைல் ஏற்கெனவே கையில் இருந்தால் கான்கிரீட்தான், வேறு வழி இல்லை. அது வழவழப்பான ரகமாக இருந்தால் வெளியில் போடவே வேண்டாம், மழையில் கட்டாயம் வழுக்கும்.

இன்னும் வாங்கவில்லை என்றால், வெளிப்புறத்துக்கென்றே வரும் 20 மி.மீ. போர்சலின் (கெட்டியாகச் சுட்ட பீங்கான்) பலகைகளை வாங்கி, ஜல்லி மேல் ஒட்டாமல் வையுங்கள். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். காரணம் தண்ணீர். டைல் இடுக்குகளை அடைக்கும் கிரவுட் பூச்சைப் போட்டால் தண்ணீர் இறங்காது என்று பலர் நம்புகிறார்கள்; சாதாரண சிமென்ட் கிரவுட் வழியே ஈரம் இறங்கத்தான் செய்யும். இறங்கிய ஈரம் டைலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். அதுதான் இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்பது. உறைபனி விழும் ஊரானால் அந்த ஈரம் பனிக்கட்டியாகி டைலையே தூக்கிவிடும். ஜல்லியில் இந்தத் தொல்லை இல்லை, தண்ணீர் கீழே போய்விடுகிறது. ஒரு டைல் அமுங்கினாலும் அதை மட்டும் எடுத்து, அடியில் பொடி ஜல்லி நிரப்பி, திரும்ப வைக்கலாம். பின்னால் தரைக்கடியில் ஒரு குழாய் போட வேண்டி வந்தாலும் எதையும் உடைக்க வேண்டாம்.

ஜல்லி முறைக்கு மேல்மண்ணையும் வேர்களையும் எடுத்துவிட்டு ஏறக்குறைய 20 செ.மீ. தோண்டுங்கள். 15 செ.மீ. ஜல்லியை ஒரே மூச்சில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் அதிர்வு இயந்திரத்தால் கெட்டிக்க வேண்டும். சோம்பல்பட்டால் கட்டாயம் பின்னால் பள்ளம் விழும். அதன்மேல் 3 முதல் 5 செ.மீ. பொடி ஜல்லி, டைலுக்கு டைல் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி. ஓரங்களில் கான்கிரீட்டில் ஊன்றிய கல் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் தளம் வெளிப்பக்கமாக நகரும். களிமண் என்றால் இன்னும் ஆழம் தேவை. மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே வடிதுணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரியுங்கள். தோண்டிய குழியின் அடித்தரைக்கும் வாட்டம் (சரிவு) கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் குழியே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். கார் ஏறும் இடத்துக்கு இந்த முறை வேண்டாம்.

கான்கிரீட்தான் என்று முடிவானால், கெட்டித்த ஜல்லி மேல் 10 செ.மீ. கனத்தில் போடுங்கள். குறைந்தது ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, டைல் ஒட்ட 28 நாள் பொறுங்கள். வீட்டுச் சுவரோடு நேராக முட்ட விடாமல் நடுவே நுரைப்பட்டை வையுங்கள். வெயிலில் கான்கிரீட் விரிகிற அளவு சிறியதுதான்: 5 மீட்டர் நீளத்துக்கு 40 டிகிரி வேறுபாட்டில் சுமார் 2 மி.மீ. அந்த 2 மி.மீ.க்கு இடம் கொடுக்காவிட்டால் டைல் எழும்பிவிடும். அதனால் ஏறக்குறைய 3 மீட்டருக்கு ஒரு விரிவு இணைப்பு விட வேண்டும். கான்கிரீட்டில் உள்ள இணைப்புக்கு நேர் மேலேயே டைலிலும் அது வர வேண்டும், அங்கே கிரவுட் கூடாது, ரப்பர்போல நெகிழும் சீலன்ட் என்ற அடைப்புப் பசைதான். ஒட்டும்போது நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகப் பசை வைத்து அமுக்குவதை அனுமதிக்காதீர்கள். அந்த வெற்றிடங்களில்தான் தண்ணீர் தேங்கும். தளத்திலும் டைலின் அடியிலும் பசை தடவி ஒட்டச் சொல்லுங்கள். செலவு கட்டுப்படியானால் ஒட்டும் முன் நீர் வடிக்கும் விரிப்பு ஒன்று போட்டுவிடுங்கள். உப்புப் பூப்பது வெகுவாகக் குறையும்.

வாட்டம் இரண்டு முறைக்கும் ஒன்றுதான்: மீட்டருக்கு 1.5 முதல் 2 செ.மீ., வீட்டைவிட்டு வெளிப்பக்கமாக. டைலின் மேல்மட்டம் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு (தரை ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடியில் போடும் அடுக்கு) 15 செ.மீ. கீழேயாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் தெறிக்கும் மழைநீர் சுவரில் ஏறும். கான்கிரீட் தளத்தில் வாட்டத்தை டைல் ஒட்டும்போது பசையில் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காய்ந்த தளத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, தேங்குகிற இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அங்கே சரிசெய்த பிறகு டைல் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.