சொட்டு எண்ணிப் பழகிய தங்கைக்கு

மதுரையில் ஐந்து வருஷம் வார்டு நர்ஸாக இருந்துவிட்டு அடுத்த மாதம் இங்கிலாந்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி.யின் கணினித் தேர்வில் அந்த 15 கணக்குக் கேள்விகளைத் தாண்டிவிட்டாய். ஆனாலும் வார்டில் டோஸ் கணக்கும் ட்ரிப் கணக்கும் தப்பிவிடுமோ என்று தூக்கம் வரவில்லை என்கிறாய். அக்கா என்று கூப்பிட்டதால் நீ என்றே எழுதுகிறேன். நான் இங்கே வந்து பதினொரு வருஷம் ஆகிறது.

கணக்கு அதே கணக்குதான். கொடுக்க வேண்டிய அளவைக் கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது எத்தனை எம்.எல்.-இல் இருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். ஒரு லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் ஒரு எம்.எல்.-க்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்கு 42 சொட்டு. நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திருகி வைத்துவிடுவாய். இங்கே பெரும்பாலும் பம்ப்தான். மணிக்கு 125 எம்.எல். என்று தட்டிவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். அதற்காகச் சொட்டுக் கணக்கை விட்டுவிடாதே. பம்ப் கிடைக்காத இரவுகளில் எனக்கு நம் ஊர்ப் பழக்கம்தான் கை கொடுத்திருக்கிறது.

நீ கவனிக்க வேண்டியது அலகும் அடர்த்தியும். ஊரில் டிஜாக்சின் என்ற இதய மாத்திரையை 0.25 மில்லிகிராம் என்றே சொல்லிப் பழகியிருப்போம். இங்கே மருந்து எழுதும் சார்ட்டில் 125 மைக்ரோகிராம், 62.5 மைக்ரோகிராம் என்று வரும்; ஆயிரம் மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம். மைக்ரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுசாக எழுத வேண்டும். இன்சுலினுக்கும் அப்படித்தான்: யூனிட் என்று முழுசாக எழுத வேண்டும், வெறும் 'யு' போடக் கூடாது. அவசரத்தில் அந்த எழுத்து பூஜ்யம் மாதிரி தெரிந்து, 6 யூனிட் 60 ஆகிவிடும்.

இன்சுலினில் இன்னொன்றும் இருக்கிறது, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். ஊரில் நீ அதிகம் எடுத்தது ஒரு எம்.எல்.-க்கு 40 யூனிட் இருக்கும் குப்பி, சிவப்பு மூடி சிரிஞ்ச். இங்கே குப்பி வழக்கமாக எம்.எல்.-க்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சில் இந்தக் குப்பியிலிருந்து 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். வார்டில் அந்தச் சிரிஞ்சே இருக்காது, ஆனால் வீட்டில் வரும். என் அம்மா ஆறு மாதம் தங்க வந்தபோது ஊர்ப் பையில் இன்சுலினும் சிவப்பு மூடி சிரிஞ்சும் கொண்டுவந்தார். ஊர் மருந்து தீர்ந்த அன்றே மிச்சமிருந்த சிரிஞ்சுகளை எல்லாம் அப்புறப்படுத்தினேன். உன் அப்பா அம்மா வந்தாலும் இதைச் செய்.

பொட்டாசியம் ஆம்ப்யூலை உடைத்து சலைன் பாட்டிலில் கலப்பதும் இங்கே சாதாரண வார்டில் இல்லை. அடர்த்தியான ஆம்ப்யூல்களை வார்டுகளிலிருந்து எடுக்கச் சொல்லி 2002-லேயே எச்சரிக்கை வந்துவிட்டது. லிட்டருக்கு 20 அல்லது 40 மில்லிமோல் என்று கலந்தே பை வரும்.

சரி, என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வந்து நாலாவது மாதம். மெலிந்து போன ஒரு பாட்டி, எடை 42 கிலோ. சார்ட்டில் ஐ.வி., அதாவது நரம்பு வழியாகக் கொடுக்கும் பாராசிட்டமால் 1 கிராம். 100 எம்.எல். பை, 15 நிமிடம், அதனால் பம்ப் மணிக்கு 400 எம்.எல். இந்தக் கணக்கை நான் சரியாகப் போட்டேன். இரண்டாவது ஆளாகச் சரிபார்க்க வந்த நர்ஸ், "எடை என்ன?" என்று மட்டும் கேட்டார். 50 கிலோவுக்குக் கீழே என்றால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 630 மில்லிகிராம், அதாவது 63 எம்.எல். மீதி 37 எம்.எல். அந்தப் பாட்டிக்குள் போகவே கூடாது. டாக்டர் எழுதிவிட்டார், நாம் யார் கேட்பதற்கு என்ற பழக்கத்தில் நான் எடையைப் பார்க்கவே இல்லை. டாக்டரைக் கூப்பிட்டு மாற்றி எழுத வைத்தோம். அவர் கோபப்படவில்லை, நன்றி என்றார். எனக்கு அன்று முழுக்கக் கை நடுங்கியது.

அதனால் இரண்டாவது ஆள் வரும்போது உன் விடையை முதலில் சொல்லிவிடாதே. அவர் தனியாகப் போட்டுப் பார்க்கட்டும், இரண்டும் ஒத்து வந்தால் கொடு. கால்குலேட்டர் எடுப்பதையோ "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்பதையோ இங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை. ஐ.வி. பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை உன்னைத் தனியாக ஐ.வி. மருந்து கொடுக்க விடவும் மாட்டார்கள். முதல் மாதங்களில் அந்த ஏற்பாடு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வருவதற்கு முன் தினமும் ஐந்து கணக்கு போடு. கால்குலேட்டரைத் தொடும் முன் விடை எவ்வளவு வரும் என்று மனதில் உத்தேசம் வை. அரை மாத்திரையா, ரெண்டா, ஒரு ஆம்ப்யூலா என்று. ஒரே டோஸுக்கு ஐந்து ஆம்ப்யூல் உடைக்கச் சொல்லி விடை வந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு யாரையாவது கூப்பிடு.